என் பெயரில் வந்த மாரடைப்பு

அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர், ஒரு கோழி. ஓட்டியவர் மணியண்ணன். அவர் பக்கத்தில் என் மனைவி செல்வியின் அண்ணன் ராசு, அதாவது என் மச்சான். பின்சீட்டில் செல்வி. அவள் தோளில் சாய்ந்து செத்துக்கொண்டிருந்தவன் நான். கோழி என் காலடியில். எமரால்டு என்ற ஊரில் செல்வியின் சித்தி வீட்டு விருந்துக்குக் கோழியோடு புறப்பட்டவர்கள், அருவங்காடு தாண்டியதும் எனக்கு நெஞ்சு வலி வந்ததால் வண்டியைத் திருப்பிக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அந்த ஜீப்பில் சந்தோஷமாக இருந்தது கோழி ஒன்றுதான்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஊசி போட வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எட்டாம் வகுப்பு ஜன்னலைத் தாண்டிக் குதித்தவன், அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. (ஊசியிலிருந்தும் தப்பித்தேன், கணக்கு வாத்தியாரிடமிருந்தும் தப்பித்தேன்.) தேயிலை ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், வாரப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கத்தை மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பேன். எந்த வியாதியைப் படித்தாலும் அந்த வாரமே எனக்கு வந்துவிடும். அந்த வாரம் படித்தது மாரடைப்பு.

"நெஞ்சு மேல கல்லை வச்ச மாதிரி இருக்குதுங்க மச்சான்."

"போன வாரம் கிட்னியில கல்லுன்னீங்க. இப்ப அது மேல ஏறிருச்சுங்களா?" என்றார் மச்சான், முன்சீட்டிலிருந்து திரும்பாமலே.

"அண்ணா, சும்மா இருங்க. நேத்து அத்தனை போண்டாவையும் இவரே தின்னாருங்க. வேற ஒண்ணுமில்ல" என்றாள் செல்வி. (ஆறுதல் சொல்கிறாளாம்.)

மச்சான் அதே ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறவர். வாழ்க்கையில் ஒருநாள் தலைவலி என்று படுத்ததில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து கடைவாய்ப் பல் குடைகிறது என்று தாடையைத் தடவிக்கொண்டு கிராம்பு மென்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தும் அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் என் சாவு வேலையில் நான் மும்முரமாக இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் பெயரில் சீட்டு போட்டு, இ.சி.ஜி. எடுக்க அனுப்பினார்கள். அறைக்குள் நுழைந்தால் ஒரு மெஷின், அதிலிருந்து பாம்புக்குட்டிகள் மாதிரி ஒயர்கள். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல கரண்டு வைப்பாங்க. நான் மாட்டேன்."

"கரண்டு இல்லீங்க. உங்க நெஞ்சு துடிக்கிறதை எழுதற மெஷினுங்க" என்றார் நர்ஸம்மா.

"அதை வாயாலயே சொல்லிடறேனுங்க. டமடமன்னு துடிக்குது. எழுதிக்கோங்க."

மச்சானுக்குப் பொறுமை போயிற்று. சட்டையைக் கழற்றிவிட்டு அவரே கட்டிலில் ஏறிப் படுத்தார். "சிஸ்டர், மொதல்ல எனக்கு வைங்க. இந்த மனுசன் பார்த்துத் தெளியட்டும்."

தொல்லை விட்டால் போதும் என்று நர்ஸம்மா அவருக்கு ஒயரை மாட்டினார். காகிதம் கிறுகிறுவென்று வந்தது. "பார்த்தீங்களா? சிரிச்சிட்டேதான இருக்கறேன்!" என்றார் மச்சான். அதற்குள் பக்கத்து அறையில் யாரோ அலற, நர்ஸம்மா ஒயர்களைக் கழற்றிவிட்டு, காகிதத்தை மேஜைமேல் இருந்த என் சீட்டின்மேல் வைத்துவிட்டு ஓடினார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். காகிதத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"யாருங்க சுந்தரம்?"

"நான்தானுங்க."

அடுத்த நொடி நான் கட்டிலில் கிடந்தேன். வாயில் ஒரு மாத்திரை. "முழுங்காதீங்க, மெல்லுங்க" என்றவர், செல்வியிடம் திரும்பி, "ஹார்ட்டுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குதும்மா" என்றார். செல்வி ஓவென்று அழுதாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை! வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படித்தவர் என் வியாதியை ஒப்புக்கொண்டிருக்கிறார். மச்சானைப் பார்த்து, "இப்பச் சொல்லுங்க!" என்றேன்.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த மச்சான் பாதியில் விட்டுவிட்டு, தாடையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. பத்திரிகையில் படித்த வரி அப்போதுதான் மண்டையில் இடித்தது: சிலருக்கு மாரடைப்பின் வலி தாடையில் வரும். கூடவே இன்னொன்றும் இடித்தது. எனக்கு இன்னும் ஒயரே மாட்டவில்லையே!

மாத்திரையைத் துப்பிவிட்டு எழுந்தேன். "டாக்டரம்மா! அது என் நெஞ்சில்லீங்க, அவரு நெஞ்சுங்க! அவருக்குத் தாடையில வலிங்க, காலையில இருந்து வேர்க்குதுங்க!"

மறுபடி அவருக்கு எடுத்துப் பார்த்தார்கள். அதே கோடுகள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து ஏறியது.

அவர் கொஞ்சம் தெளிந்ததும் டாக்டரம்மா விசாரித்தார். பீடி? "கட்டுக்கணக்குலதானுங்க." அப்பா? "தேயிலைக் காட்டுல நின்னமேனிக்கே போயிட்டாருங்க." எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். குழாய்க்குள் பாசி படிகிற மாதிரி ரத்தக்குழாயில் கொழுப்பு படியுமாம். பீடியும் பரம்பரையும் அதற்குத் துணையாம். ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கும். புண்ணாகிவிட்டது என்று நினைத்து ரத்தம் அங்கே போய் உறையும். வழி அடைபடும். பல்வலி என்று விருந்துக்குப் போயிருந்தால், மலைப்பாதையிலேயே முடிந்திருக்கும். பிறகு கோயம்புத்தூரில் மை செலுத்திப் படம் எடுத்து, அடைப்பு இருந்த இடத்தில் கம்பிச்சுருள் வைத்தார்கள்.

குன்னூரில் அன்றே எனக்கும் இ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். சுத்தமான இதயம். (போண்டாதான்.)

இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் மச்சான் ஆரம்பித்துவிடுவார்: "எனக்கு வந்த ஹார்ட் அட்டாக்கை மாப்ள கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு, நாணயமா திருப்பிக் கொடுத்துட்டாருங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். நான் நிமிர்ந்து உட்கார்வேன். ஃபேக்டரி ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் இப்போது யாருக்குத் தாடை வலித்தாலும் கிராம்பைத் தேடுவதில்லை, என்னைத் தேடுகிறார்கள்.

ஒரே ஒரு குறை. அவருடைய இ.சி.ஜி.க்கும் பணம் கட்டியது நான். கேட்டால், "ரசீதுல யாரு பேருங்க இருக்குது?" என்கிறார். இன்னும் வரவில்லை, நூற்றைம்பது ரூபாய்.