நாற்பத்து மூன்று பேர் ஏறாத பேருந்து

எண்ணத் தெரிந்தவனெல்லாம் கணக்குத் தெரிந்தவன் இல்லை. இதை நான் எழுபத்தோராவது வயதில், வாழைமரம் கட்டிய ஒரு பேருந்துக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

முப்பத்து நான்கு வருடம் ஆடு, மாடு, கிணறு, தென்னை என்று அரசாங்கத்துக்கு எண்ணிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. திருநகரில் என் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் 386 எட்டு நடை. வீட்டில் ஜன்னல் ஒன்பது, நாற்காலி ஏழு, ஆள் ஒன்று. (மனைவி போய் நான்கு வருடம். ஒரே மகள் புனேயில்.) பொழுது போகாமல் ஸ்டாப்பில் உட்கார்ந்து, எந்தப் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று அறுபத்தொரு நாள் குறித்து, தல்லாகுளத்தில் ஒரு போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார். என்னிடமிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சார், திருமங்கலத்துக்கு மேக்கால ஒரு ஊரு. பஸ்ஸே கிடையாது. ஒரு வண்டி விட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். எந்த நேரத்துல எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு நீங்களே எண்ணிக் குடுங்களேன்."

கரும்பு தின்னக் கூலியா? மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அப்பா, சும்மா இருங்களேன்ப்பா," என்றாள்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே அவர்களுக்கு என்மேல் இருக்கிற கோபம் போதும். எந்தக் காலத்திலோ கட்டிய நிழற்குடை ஒன்று அங்கே இருந்தது. எதிரே வேப்பமரத்தடியில் மடக்கு நாற்காலி, குடை, மூன்று நிறப் பேனா சகிதம் மூன்று நாள் உட்கார்ந்தேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. (ஏழரைக்கு இட்லி, எட்டுக்குப் பிரஷர் மாத்திரை. அதற்கு முன்னால் உலகம் இயங்குவதாக நான் நினைத்ததில்லை.)

ஒன்பதரைக்கு நிழற்குடையில் நின்றவர்கள் முதல் நாள் நாற்பத்து மூன்று, இரண்டாம் நாள் நாற்பத்தொன்று, மூன்றாம் நாள் மறுபடி நாற்பத்து மூன்று! உடம்பு சிலிர்த்தது. பலர் கையில் மம்பட்டி, இரும்புச் சட்டி. "கைச்சுமையுடன் பயணிப்போர்: 38" என்று பச்சைப் பேனாவால் எழுதினேன். பத்து மணிக்குத் தலையைக் குனிந்து கூட்டல் போட்டு நிமிர்ந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பஸ் இல்லாத விரக்தியில் கலைந்து போகிறார்கள் என்று நானே ஒரு குறிப்பும் எழுதி, கொஞ்சம் கண்கலங்கினேன்.

ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எண்ணுகிறவன் பேசக் கூடாது என்பது என் கொள்கை.

ஆனால் பேச்சியம்மா என்னிடம் பேசினார். ஐம்பது வயதிருக்கும். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறவர். மூன்றாம் நாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அய்யா, பஸ்ஸுக்கு எழுதுறீகளாம்ல? விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுதுங்க. பதினெட்டுப் பேரு பூக்கூடையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறோம். வெயில் ஏறுச்சுன்னா மொட்டு விரிஞ்சுரும். விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்?"

"அம்மா, உங்க சொந்த அபிப்பிராயத்தை நான் எழுத முடியாது. தேவை எண்ணிக்கையில தெரியும்," என்றேன். மோரைக் குடித்துக்கொண்டே.

பத்து நாள் வெள்ளோட்டம் என்று முடிவானது, என் ஒன்பதரை மணிக்கே. ஆள் சேராவிட்டால் ரூட் ரத்து. மறுபடி அந்த ஊருக்குப் பஸ் என்று யாரும் வாயைத் திறக்க முடியாது.

முதல் நாள் திருவிழாதான். வாழைமரம், மைக் செட், அதிகாரிக்கு மாலை, எனக்குத் துண்டு. நிழற்குடையில் சொல்லி வைத்தாற்போல் நாற்பத்து மூன்று பேர். பஸ் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி கொடி அசைத்தார். எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள்.

ஒருவரும் ஏறவில்லை.

"ஏறுங்கம்மா!" என்றேன், மைக்கில்.

"எங்கிட்டு ஏற?" என்றார் முன்வரிசைப் பெண்மணி. "எங்களுக்கு வேல இங்கனதான."

"தினமும் பஸ்ஸுக்கு நிக்கிறீங்களே!"

"நாங்க எங்க பஸ்ஸுக்கு நின்னோம்? நூறு நாள் வேலைக்குப் பேரு பதிய நிக்கிறோம். வேற எங்க நெழல் இருக்கு? பதிஞ்சதும் கம்மாய்க்குப் போயிருவோம்."

"கம்மாய் எங்கே?"

நாற்பத்து மூன்று கைகள் என் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்மாய்க் கரையைக் காட்டின. (பிறகு அளந்தேன். 212 எட்டு.) கூட்டத்தில் ஒருவர், "ஏப்பா, பெருசு நம்ம மம்பட்டிக்கெல்லாம் சீட்டு எழுதிருச்சுப்பா," என்றார். ஊரே சிரித்தது. பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையிலிருந்த வெறுங்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "சார், ஒரு ஆளாவது ஏறுங்க. விசில் ஊத வாய் வரல."

ஏறினேன். நாற்பத்தெட்டு இருக்கை. எதில் உட்காருவது என்றே தெரியவில்லை.

அடுத்த ஏழு நாளும் நான் மட்டுமே அந்தப் பஸ்ஸின் பயணி. கணக்கில் பூஜ்யம் விழக் கூடாதே என்று திருமங்கலத்தில் ஏறி, ஊர் வரை போய், அதே வண்டியில் திரும்பினேன். ஏறும்போதே கண்டக்டர், "வாங்க சார், சாப்டாச்சா?" என்பார். மூன்றாம் நாள் என் மாத்திரை நேரம் அவருக்கு மனப்பாடம். ஐந்தாம் நாள் நான் இரண்டு நிமிடம் பிந்தியபோது வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு ஊரின் பஸ்ஸைக் கெடுத்துவிட்டு, யாரோ என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என்பதற்காக அதிலேயே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் இறங்கும்போது கண்டக்டர், "இன்னும் ரெண்டு நாள்தான் சார். அப்பறம் வேற ரூட்ல போட்ருவாக," என்றார். பேச்சியம்மாவின் இடுப்புக் கூடை ஞாபகம் வந்தது. வீட்டில் ஏழு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். எதிலும் நிலைகொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் இட்லி இல்லாமல், மாத்திரை இல்லாமல், ஆட்டோ பிடித்து ஐந்து மணிக்கு அந்த ஊருக்குப் போனேன். அரை இருட்டில் கூடைகள் வரிசையாக வந்தன. பதினெட்டு.

"இப்பவாச்சும் முழிச்சீகளே," என்றார் பேச்சியம்மா.

அவர்களோடு ரோட்டுக்கு நடந்தேன். எட்டு எண்ணத்தான் ஆரம்பித்தேன். எழுநூறு சொச்சத்தில் ஒருத்தி, "அய்யா, ஒங்களுக்குப் பிள்ளைக எத்தன?" என்று கேட்டாள். பதில் சொல்லப் போய், எண்ணிக்கை விட்டுப்போனது. ரோடு வந்ததே தெரியவில்லை.

அங்கிருந்து நேரே தல்லாகுளம்; அலுவலகம் திறக்கும்வரை வாசலில் காத்திருந்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு திருத்தம் எழுதாதவன் எழுதினேன்: "என் கணக்கெடுப்பு தவறு. நின்றவர்களை எண்ணினேன், நடந்தவர்களை எண்ணவில்லை." அதிகாரி இரண்டு முறை படித்தார். "கையெழுத்துப் போடுங்க சார்," என்றார். போட்டேன்.

இப்போது அந்தப் பஸ் காலை ஐந்து இருபதுக்கு. கூடைகள் ஏறி, உட்கார இடமில்லை என்று கேள்வி. ஒன்பதரை வண்டி கிடையாது. கண்டக்டரை அப்புறம் பார்க்கவில்லை.

மகள் வீட்டில் இந்தக் கதையைக் கேட்காத விருந்தாளி இல்லை. கல்யாண மண்டபத்தில் நான்கு பேர் கூடி நின்றாலும் என் மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, கேட்டுட்டீங்களா? பஸ்ஸுக்கா, சும்மாவா?" என்பார். பேத்திக்கும் தொற்றிக்கொண்டது.

சாயங்காலம் நான் திருநகர் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நோட்டு கொண்டுபோவதில்லை. நேற்று பேத்தி போன் செய்தாள். ஹாரன் சத்தம் கேட்டிருக்கும்போல.

"தாத்தா, பஸ்ஸுக்கா, சும்மாவா?"

"சும்மாதான்டா," என்றேன்.