ஈசாக்கின் சாதகம்

டென்மார்க்கில் சாத்திரியாரிடம் பிறந்த நேரம் சொல்லாமல் தப்பிய தமிழர் எவரும் இல்லை; டேனிஷ்காரரிலும் மிகச் சிலரே. அல்பர்ட்ஸ்லுண்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு, ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. சனி சரியில்லை என்று அங்கே மேலதிகாரியையே லீவு எடுக்க வைத்த மனுசன்.

மகனிடம் மட்டும் அது பலிக்கவில்லை. அவன் ஒரு டேனிஷ் பெண்ணைக் கூட்டிவர, பொருத்தம் இல்லை என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். ஓர்ஹூஸ் நகரத்துக்குப் போன மகன் பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் நூலகத்தில் பழைய யூதத் தொழுகைக்கூடங்களின் மொசைக் தரைகளைப் பற்றி ஒரு பேராசிரியை பேசினார். கோப்பி இலவசம் என்பதால் இவரையும் கூட்டிப் போனேன். திரையில் படம் விழுந்ததும் மனுசன் துள்ளி எழுந்தார். நண்டு, தேள், தராசு என்று பன்னிரண்டு ராசியும் சக்கரமாக நின்றன. அதன் கீழே கத்தியோடு ஆபிரகாம். பக்கத்தில், கடவுளுக்குப் பலியிட அவர் கட்டிவைத்த மகன் ஈசாக்கு.

"மேல சக்கரம், கீழ பெடியன். அப்ப உது பெடியன்ர சாதகமெல்லோ! எத்தினை மணிக்குப் பிறந்தவனாம்? கேளும்!"

வியர்த்து விறுவிறுத்து டேனிஷில் கேட்டேன். பேராசிரியை என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தெரியாது என்றார். அந்தச் சக்கரம் அங்கே ஏன் இருக்கிறது என்பதிலேயே அறிஞர்களுக்குக் குழப்பமாம். எனக்கோ, யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்பதே குழப்பம்.

"கண்டம் கிடக்கு. ஆனா தப்புவான்," என்று தீர்ப்புச் சொன்னார் சாத்திரியார்.

"தப்பினான்தான்," என்று பேராசிரியை படத்தில் மேலிருந்து நீளும் கையைக் காட்டினார். "வெட்டாதே என்று கடவுள் தடுக்கிறார்."

சாத்திரியார் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப, பெடியன் தகப்பனோட வீட்ட வந்தவனோ?"

பேராசிரியை சொன்னார்: "தகப்பன் திரும்பினார் என்றுதான் வேதாகமத்தில் இருக்கிறது. மகனைப் பற்றி அந்த இடத்தில் ஒன்றும் இல்லை."

மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு சாத்திரியார் கோப்பியைத் தொடவில்லை.

ரயிலில் ஏறியதும் மகனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, சாதகம் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாடா. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா." "ஓம், வாறம்" என்று பதில் வந்தது எனக்கும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனுசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நல்லது. அவ எத்தினை மணிக்குப் பிறந்தவவாம்?"

போனைப் பறித்தேன். "அண்ணை, கத்தியைக் கீழ போடுங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். இப்போதும் சாத்திரியார் என்னைக் கண்டால் பிறந்த நேரம் கேட்பார். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பிடிக்கும் எனக்கு அந்த மனுசனை.