இந்திரகுமாரன் நித்திரையோடு பொருத படலம்

வாழ்க அவன் இமைகள்! இறப்பர்க்காடு சூழ்ந்த கஹவத்தைத் தோட்டத்து மேட்டு லயக் குடியிருப்பின் வேந்தன், ஜெயம்மா தவமிருந்து பெற்ற தனிப்பெருஞ்சிங்கம், களிமண் குழைத்த கரத்தினன், கரித்துண்டு ஏந்திய விரலினன், இரத்தினபுரிக் கலைக்கல்லூரியின் கடைசி வாங்குப்பலகையில் கொலுவீற்றிருக்கும் கோமான், இந்திரகுமாரன் என்னும் இகல்வெல் வீரன், ஈராயிரத்து மூன்றாம் ஆண்டின் ஒரு வியாழன் பிற்பகலில், சோறுண்ட வயிற்றோடு நித்திரையை எதிர்த்து நின்ற பெருங்கதையைப் பாடத் துணிந்தோம். கலைமகளே, எம் நாவில் வந்தமர்க! கடைத்தெருவில் விலைபேசித் தேய்ந்த நாக்குத்தான். ஆயினும் வாடகை அதிகம் கேளோம், ஒரு படலத்தளவு இருந்துவிட்டுப் போனால் போதும்.

போரின் காரணம் யாதெனின், பொலனறுவையின் கல்விகாரை எனும் பாறைச்சிலைக் கோயிலுக்குச் சனிக்கிழமை புறப்படவிருந்த வேனில் ஓர் ஆசனமே எஞ்சி இருந்தது. கலை வரலாறு கற்பிக்கும் ஆசான் பரராசசிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நாள்முதல் சிரித்தறியாத செம்மல், அன்று காலை அவை அதிர முழங்கினார்:

“பிள்ளையள், பின்னேரம் கடைசி ஸ்லைட்டில ஒரு கேள்வி கேப்பன். ஆர் முதல் மறுமொழி சொல்லுறியளோ, அவைக்குத்தான் வேனில இடம். நித்திரை கொள்ளுறவை வீட்டிலயே கொள்ளலாம்.”

இந்தப் பிரகடனம் எழுமுன்னரே மற்றொரு பிரகடனம் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலிக்கரையில் எழுந்துவிட்டது. “எம் மவன் சனிக்கெழம பொலனறுவ போறானுங்க, படிப்பு வெசயமா,” என்று ஜெயம்மா குடம் நிரம்பி வழிவதும் அறியாமல் லயம் முழுமைக்கும் அறிவித்திருந்தாள். தாயின் வாக்கு ஒருபுறம். மறுபுறம் அவனது சொந்த ஏக்கம்: கல்விகாரையில் கிடந்த கோலத்தில் விளங்கும் அந்தப் புத்தர் பெருஞ்சிலையை அச்சுப்படத்தில் மட்டுமே கண்டு, கரித்துண்டால் வரைந்தும் அழித்தும், மறுபடி வரைந்தும், கால்விரல் வரை நெஞ்சில் பதித்திருந்த அவனுக்கு, ஒருமுறையேனும் அதைக் கல்லாகவே காண வேண்டும்.

ஓவியம் பயிலும் எம் குலத்துக்கோ ஆதிமுதல் ஒரு சாபம் உண்டு. காலையில் செய்முறை, பிற்பகலில் வரலாறு. முற்பகல் முழுதும் களிமண்ணைக் காலால் மிதித்துக் கையால் பிசைந்து, நண்பகலில் கென்டீன் சோற்றுமலையைப் பலாக்கொட்டைக் கறியோடு தகர்த்து, சன்னலெல்லாம் கறுப்புப் பொலித்தீன் ஒட்டிய இருட்டறையில் ஸ்லைட் மெஷினின் தாலாட்டுக்கு நடுவே அமர்ந்தால், சாஞ்சி என்ன, அஜந்தா என்ன, கலை வரலாறு அனைத்தையும் மூடிய இமைக்குள்ளேயே கற்றுத் தேர்ந்த மேதைகள் யாம்.

ஆயினும் நம் நாயகன் அன்று ஆயுதம் தரித்தே வந்தான். நெற்றியில் தைலம் துலங்க, சட்டைப்பையில் கொச்சிக்காய் என்னும் பச்சைமிளகாய் வாளென உறங்க, தொடையைக் கிள்ளுதற்கென வளர்த்த நகம் வேலென மின்ன, களிமண் கழுவிய வெறுங்காலோடு கடைசி வாங்கில் ஏறி அமர்ந்தான். விளக்கணைந்தது. சாஞ்சித் தோரணம் வந்தது, வீழ்ந்தானல்லன். அஜந்தா அரசி வந்தாள். கொட்டாவி வந்தது, கடித்து விழுங்கினான். சோழர் செப்புத்திருமேனி ஒரு காலைத் தூக்கி ஆடிற்று. இவன் தலை அதற்குத் தாளமிட்டது. தொடையைக் கிள்ளினான், பக்கத்திலிருந்தவன் அலறினான்.

படைவலியால் ஆகாதென்று கண்ட நித்திரை, அரக்கி வேடம் களைந்து மாணிக்கக்கல் வியாபாரி வேடம் பூண்டு, அவன் செவியருகே குந்திப் பேரம் தொடங்கிற்று.

“தம்பி, அஞ்சே நிமிசங்க.”

“ஆகாது,” என்றது வீரநெஞ்சம்.

“சரி, ஒங்களுக்காக மூணு. அதுவும் வேணாமா? ரெண்டு கண்ணும் வேணாங்க, ஒத்தக் கண்ணக் குடுங்க.”

“எடது கண்ணு மட்டுந்தான். ஸ்லைட்டு மாறுனா திருப்பித் தந்துறணும்.”

“நம்ம என்ன ஏமாத்துற ஆளுங்களா?”

அந்தோ! விலை படியுமுன் கல்லை எதிராளி கையில் கொடுத்தவன் கெட்டான் என்பதை இரத்தினபுரித் தெருவின் காக்கையும் அறியும், காவியத்தலைவன் அறிந்திலன். இடக்கண் போயிற்று. அதைத் தேடி வலக்கண் போயிற்று. கண்கள் போன வழியே கழுத்தும், கழுத்தைத் தொடர்ந்து தோளும், மன்னன் மாண்டபின் சிதறும் சேனைபோல் ஒவ்வொன்றாய்ச் சாய, கடிக்கவென எடுத்த கொச்சிக்காய் கடிபடாமல் உதட்டோரம் தொங்க, வலப்பக்கமாய் ஒருக்களித்து, வலக்கையைக் கன்னத்துக்குக் கீழ் வைத்து, வாங்கின் நீளத்துக்குக் கிடந்தான் கோமான். வாங்கு போதாமையால் பாதம் இரண்டும் வெளியே நீண்டு, ஸ்லைட் மெஷினின் ஒளிவெள்ளத்தின் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொலிந்தன.

அக்கணமே திரையில் எழுந்தது கடைசி ஸ்லைட்: கல்விகாரைப் பெருஞ்சிலை, அதே ஒருக்களித்த கோலத்தில்.

“இது நித்திரையோ, பரிநிர்வாணமோ? எதை வைச்சுச் சொல்லுவியள்?” என்று இடித்தார் ஆசான்.

விடையை நெஞ்சில் எழுதி வைத்திருந்தவன் அவ்வறையில் ஒருவனே. அவனிடமிருந்து குறட்டை மட்டும் புறப்பட்டது. குறட்டை வந்த திசையில் திரும்பினாள் றஹீமா. கல் வியாபாரியின் மகள், மாணிக்கத்தின் கீறலை மங்கிய வெளிச்சத்திலும் பிடித்துவிடும் கண்ணினள். திரையில் கிடந்த பாதங்களைப் பார்த்தாள். வாங்கில் கிடந்த பாதங்களைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“சேர், இவர்ட காலப் பாருங்களே! ரெண்டு பெருவிரலும் ஒண்டுக்கு மேல ஒண்டு சரியா ஈக்குது. செலையில மேல்கால் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தீக்குது. அப்ப அது பரிநிர்வாணம். இது சும்மா ஒறக்கம்.”

கடல் பொங்கினாற்போல் அவை சிரித்தது. வரலாற்றிலேயே முதன்முறையாகப் பரராசசிங்கமும் சிரித்தார்.

“வடிவாச் சொன்னீர் பிள்ளை. வேனில இடம் உமக்குத்தான். இனி அந்த ரெண்டாவது சிலையை எழுப்பி விடுங்கோ.”

சிரிப்பொலியைப் போர்முரசென மயங்கி, பிடரிமயிர் சிலிர்த்த அரிமாவென எழுந்தான் இந்திரகுமாரன். உதட்டிலிருந்து கொச்சிக்காய் தெறித்து விழ, வலக்கை வானோக்கி உயர, கன்னத்தில் வாங்குப்பலகையின் வரிகள் விழுப்புண்ணென விளங்க, எண்டிசையும் நடுங்க, மலைமுழை எதிரொலிக்க, ஓரெழுத்தும் பிழையாமல் முழங்கினான்:

“மேல்காலு பின்னுக்கு இழுத்திருக்குங்க சேர்! பரிநிர்வாணங்க!”

யாரோ சுவிட்சைப் போட்டு, லைட் எரிந்தது.

அன்று கஹவத்தை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, தூக்கம்தான் வரவில்லை.