ஞாயிற்றுக்கிழமை விரதமிருக்கும் ஆத்தா

“எட்டாவதுகூடத் தாண்டாத பொண்ணு, ஆத்தாளையே கேள்வி கேக்குறியா?”

கொதிநீர்ச் சாமி என்னை இப்படிக் கேட்டார். நான் கேட்டது இவ்வளவுதான்: “ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் சாமி தண்ணி ஆறிப்போவுது?”

“அன்னிக்கு ஆத்தாளுக்கு மௌன விரதம்!”

இருநூறு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

புவனகிரி சாலையில், சாயப்பட்டறை மதிலோரம் ஒரு குழி. நாலு மாதமாக அதில் சுடுநீர் ஊறுகிறது. மஞ்சளாக வந்தால் கல்யாணம் கூடும். சிவப்பாக வந்தால் ஆத்தாளுக்குக் கோபம். பச்சையாக வந்த அன்று மட்டும் சாமி சற்றுத் திணறினார். பிறகு, நல்ல விளைச்சல் என்றார். கடலூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பட்டறை இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பக்தர்களுக்குப் பார்வை அவ்வளவு கூர்மை!

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய்; காலில் புண். விட்டுவைத்தால் காலையே எடுக்கவேண்டி வரும் என்றார் சிதம்பரத்து டாக்டர். “மாத்திரைய நிறுத்து, கால குழியில வை” என்றார் சாமி. அம்மா சாமி பேச்சைக் கேட்டாள். விரலில் இருந்த புண் கணுக்காலை நோக்கி ஏறியது.

பட்டறையில் பாய்லரைக் கவனிக்கும் அமராவதி அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“உங்க ஆத்தா எங்க சாயத்தொட்டிதான்டி. மதிலடியில கழிவுக் குழாய் வெடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு, அவளுக்கு விரதம்! தோண்டப் போனா சாமியோட ஆளுங்க அடிக்க வராங்க.”

பட்டறைக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. கழிவாக வெளியேறும் கொதிநீரின் சூட்டை, பாய்லருக்குப் போகும் பச்சைத்தண்ணீருக்கு அது மாற்றிவிடும். ஒரு வால்வைத் திருப்பினால் கழிவு அதன் வழியாகப் போகும்; விறகு மிச்சம், கழிவு ஆறித்தான் வெளியே போகும்.

வெள்ளிக்கிழமை. நல்ல கூட்டம். அம்மாவும் குழியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

“சாமி, இன்னிக்கு விரதம் இல்லியே? நான் ஒரு வால்வைத் திருப்புறேன். முடிஞ்சா ஆத்தாளைச் சூடா வெச்சிக்குங்க.”

கால் மணி நேரத்தில் குழி ஆறியது. சாமி உடுக்கை அடித்தார். ஆத்தா அசையவில்லை. அக்கா வால்வை மாற்றினாள், ஆவி பறந்தது. மறுபடி திருப்பினாள், மறுபடி ஆறியது.

“தீட்டு! பொம்பள மதில்மேல ஏறிட்டா!”

“தீட்டுப் பட்டவ சொல்றத ஆத்தா கேக்குறா. நீங்க சொன்னா ஏன் கேக்கல?”

கூட்டத்தில் நின்ற எங்கள் தெருப் பக்கிரி மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். “யோவ், ஆத்தாளுக்கு வால்வு இருக்குன்னு நீ சொல்லவே இல்லியே!”

சாமி வேனைத் தேடினார்.

வீணாய்ப்போகும் சூட்டை மீட்க ஓர் இரும்புக் கருவிக்குத் தெரிகிறது. அடகு வைத்த மூளையை மீட்க நமக்கு எப்போது தெரியப்போகிறது?

அம்மா குழியிலிருந்து காலை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். சாமியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நொண்டி நொண்டிச் சாலைக்குப் போய், சிதம்பரம் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.