தேங்காயெண்ணெய் வைத்த கார்

உப்பைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவன் கையில் பழைய காரைக் கொடுக்கக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒருவன் ஸ்டுட்கார்டில் இருந்தான். அது நான்தான்.

கார் என்னிடம் வந்தபோது அதற்குப் பதினாறு வயது. பச்சை நிறம்; கதவுகளின் கீழ் ஓரத்தில் மட்டும் செம்மண் நிறம். கீழ்வீட்டு அம்மா, ஃபிராவ் கெல்லர், ஒருநாள் குனிந்து பார்த்தார்.

"பனி விழுந்தால் ரோட்டில் உப்புப் போடுவார்கள். அடியில் கொழுப்பாக ஏதாவது பூசுங்கள். இல்லாவிட்டால் வசந்தத்தில் உங்களுக்கு ஸ்டியரிங் மட்டும்தான் மிஞ்சும்."

எனக்கோ அந்தக் காரைக் காப்பாற்றியே ஆக வேண்டும். சென்னையில் கலியாணம் முடித்து, விசாவுக்காகப் பதினொரு மாதம் அங்கேயே காத்திருந்த என் மனைவி வதனி பெப்ரவரியில் வருகிறாள். "பிராங்பேர்ட் எயாப்போட்டிலை காரோடை வந்து நிப்பன்" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் சொல்லியிருந்தேன். (அழைப்பு மூன்று நிமிடம். அதில் இரண்டு நிமிடம் கார்.)

அடிப்பாகத்துக்கென்றே கடையில் மெழுகு விற்றார்கள். நான் வாங்கவில்லை. எங்கள் ஊர் பருத்தித்துறையில் கடலுக்கு எதிரே நின்ற என் சைக்கிளுக்குத் தேங்காயெண்ணெய்தான் பூசினேன். ஏழு வருடம் துரு அண்டவில்லை. அங்கேயும் உப்பு, இங்கேயும் உப்பு. என் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

என் அறையில் கூட இருந்தவர் சிவம் அண்ணை. உணவகச் சமையலறையில் வேலை. அவர்தான் ஐந்து லீற்றர் எண்ணெய் கொண்டுவந்து தந்தார்.

"டேய், இது தலைக்கு வைக்கிறதெல்லோ?"

"இரும்புக்கும் வைக்கலாம் அண்ணை."

"குளிருக்கை கட்டியாப் போகுமடா."

"அதுதானே வேணும்! மெழுகு மாதிரிப் பிடிச்சு நிக்கும்."

"அப்ப ஒரு சீப்பும் வாங்கு."

காருக்கு அடியில் பெட்டி மட்டை விரித்து, பெயின்ற் பிரஷ்ஷோடு படுத்தேன். சூடாக்கிய எண்ணெய் பட்ட இடத்திலேயே வெள்ளையாக இறுகியது. என் மூக்கிலும் இறுகியது.

மறுநாள் குருவிகள் வந்தன. குளிர்காலத்தில் ஜேர்மனியர் குருவிகளுக்குக் கொழுப்பு உருண்டை கட்டித் தொங்கவிடுவார்கள். நான் ஒரு முழுக் காரையே வைத்துவிட்டேன். கார்ச் சில்லுகளுக்கு மேலே உள்ள வளைவுகளில் அவை தலைகீழாகத் தொங்கிக் கொத்தின. "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்று ஃபிராவ் கெல்லர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை.

வதனி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காரின் கட்டாயப் பரிசோதனைக்கு டெர்மின். (முன்கூட்டிக் குறித்த நேரம். இங்கே பல் பிடுங்கவும் அது வேண்டும்.) பரிசோதகர் உயரமான மனிதர், முழு வழுக்கை. காரை உயர்த்தி, அடியில் நின்று டோர்ச் அடித்தார். மண்டபத்தில் ஹீற்றர் நன்றாக வேலை செய்தது. ஓடிவந்த காரின் புகைக்குழாயும் சூடாக இருந்தது. முதல் சொட்டு அவருடைய உச்சந்தலையின் சரிநடுவில் விழுந்தது. இரண்டாவதற்கு நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது மூக்கில்.

"எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறது" என்று எழுதத் தொடங்கினார்.

"எஞ்சின் இல்லை, ஐயா. தேங்காய்."

பேனை நின்றது. மூக்கைத் துடைத்த விரலை மோந்து, மணந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற இருவரையும் கூப்பிட்டார். அவர்களும் மணந்தார்கள்.

"கிறிஸ்மஸ் பிஸ்கற்" என்றார் ஒருவர்.

மூவரும் சிரித்ததால் நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். தாள் முத்திரை இல்லாமல் திரும்பி வந்தது.

"கழுவிக் காயவைக்காமல் பூசியிருக்கிறீர்கள். அதாவது உப்பை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். பிரேக்கிலும் எண்ணெய். இதை நீங்கள் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பட்டறையில் நன்றாகக் கழுவட்டும், அடுத்த கிழமை பார்க்கலாம்."

சொல்லும்போது அவருடைய தலை மின்னியது. (உண்மையைச் சொன்னால், அது அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.)

வியாழக்கிழமை ரயிலில் போய் விமான நிலையத்தில் நின்றேன். சேலைக்கு மேல் யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையோடு, இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வதனி வெளியே வந்தாள். முதல் பார்வை என் முகத்தில். இரண்டாவது, கார்த் திறப்பைத் தேடி என் கையில்.

"கார் எங்கை?"

எண்ணெய் பூசியது இன்னும் கழுவவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் நாக்கு, தலையில் வைத்த எண்ணெய்க்குப் பழகிய சொல்லைத் தானாகவே எடுத்துக்கொண்டது.

"கார் முழுகாமல் இருக்குது."

பதினொரு மாதத்துக்குப் பிறகு புருஷனைக் காண்கிறவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், கனமான பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"எத்தினை மாசம்?"

அன்றிலிருந்து எங்கள் கார் கராஜில் நின்றால், என்ன பழுது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. எத்தனை மாதம் என்றுதான் கேட்கிறார்கள். போன வருடம் கியர்பெட்டி மாற்றிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே மறித்து மகள் கேட்டாள்:

"பெட்டையோ, பெடியனோ?"