ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு வாய்

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு கணித ஆசிரியர்களைப் பிடிக்கும் ஒரு வியாதி. ஓய்வு பெற்றால் அது முற்றும். எனக்கு அது முற்றியது என் மகள் ஹஸீனாவின் கல்யாணத்தன்று.

கல்முனையில் பெண்ணுக்கு வீடு கட்டிவிட்டுத்தான் மாப்பிள்ளை பேசுவோம். அவளுக்காகக் கடற்கரைப் பக்கம் கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. பேசி வைத்த சம்பந்தமும் அதோடு போயிற்று. பிரதான வீதிக்கு மேற்கே இன்னொரு வீடு எழும்புவதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. அப்போதுதான் வயல்களுக்கு நடுவிலுள்ள இறக்காமத்திலிருந்து நல்ல இடமொன்று வந்தது. மாப்பிள்ளையின் உம்மா ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். இதுவும் தவறினால் மகளின் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே எதிலும் பிழை வரக்கூடாதென்று உறுதி பூண்டேன். அந்த உறுதிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

என் மனைவியின் தம்பி கட்டாரில். லீவு கிடைக்கவில்லை. மருமகளின் நிக்காஹ்வை அவர் இணையத்தில் கேட்க வேண்டும். அதே கம்ப்யூட்டரில் நபியைப் போற்றும் ஸலவாத்துப் பைத்துகளும் ஓடி, பெண்கள் இருக்கும் ஹோலில் ஸ்பீக்கர் வழியாகக் கேட்க வேண்டும். பைத்து ஸ்பீக்கருக்கு, மச்சானின் குரல் என் ஹெட்போனுக்கு. இதுதான் என் திட்டம்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். "சேர், ரெண்டு கம்ப்யூட்டர் வைங்க. கரச்சல் இல்ல."

"ஏன்? ஒரு வாப்பா ரெண்டு புள்ளைக்கு ரெண்டு சாமான் வாங்கிக் குடுக்கிறல்லயா?"

"வாப்பா குடுப்பாரு சேர். இது இடையில மறந்திரும்."

நான் விடவில்லை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எல்லாச் சத்தத்தையும் ஒரே வழியில்தான் கொட்டும். ஆனால் சில புரோகிராம்களின் உள்ளே, சத்தம் எந்தப் பக்கம் போகவேண்டுமென்று தனியாகச் சொல்லிவைக்க இடமுண்டு. ஒரு வாரம் மல்லுக்கட்டி அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். பைத்து ஸ்பீக்கரில் வந்தது. மச்சான் ஹெட்போனில் வந்தார். மனைவியை ஹோலுக்கும் அறைக்குமாக நடக்க வைத்துச் சோதித்தேன். "இஞ்சாருங்க, மறுகா மறுகா என்னத்தக் கேக்கிற? முதல்ல போய்க் குளிங்க" என்றார்.

கல்யாண நாள். ஹோலுக்குப் பக்கத்து அறையில் நானும் கம்ப்யூட்டரும். நிக்காஹ் நெருங்கியதால் பைத்தை நிறுத்தினேன். மச்சானோடு தொடர்பு எடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக மாப்பிள்ளை வீட்டாரை எண்ணத் தொடங்கினேன். நூற்றிருபது பேர் வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கென்று நான் தொண்ணூறு பேருக்குத்தான் ஆக்கச் சொல்லியிருந்தேன். சோறும் கறியும் பரப்பிய பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். சஹன் என்போம். ஆகவே பதினைந்து சஹன்.

(கஞ்சத்தனமில்லை. யுத்த காலத்தில் நூறு பேரை அழைத்தால், சோதனைச் சாவடிக்குப் பயந்து எழுபத்தைந்து பேர்தான் வருவார்கள். பல கல்யாணங்களில் நானே எண்ணிப் பார்த்தது.)

இப்போது சாவடியும் இல்லை, பயமும் இல்லை. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நூற்றிநான்கு. இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்ததில் ஹெட்போன் வயர் கழன்றது. உடனே திரும்பச் செருகினேன். மேசை மைக்கில் வாயை வைத்து மச்சானிடம் விஷயத்தைக் கிசுகிசுத்தேன்.

"நூத்தி நாலா?" என்றார் மச்சான். "அந்த மனிசி ஊரையே ஏத்திக்கிட்டு வந்திரிச்சி போல."

குரல் முன்பைவிடக் கணீரென்று இருந்தது. நல்ல ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டேன். மெதுவாகக் கதைக்கும்படி கெஞ்சினேன்.

"கட்டார்ல இரிந்து கதைக்கிறன், ஆருக்குக் கேக்கப் போகுது? யானை வயலுக்க எறங்கின மாதிரி எறங்கிட்டாங்க மச்சான். நீங்க ஒண்டு செய்ங்க. ஏழேழு பேரா இருத்துங்க. அவங்களுக்கு வெளங்காது."

கதவு திறந்தது. மனைவி நின்றார். "தம்பிட வாய மூடச் சொல்லுங்க. ஹோலெல்லாம் அவன்ட சத்தந்தான்."

அப்போதுதான் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். கழற்றிய பிறகும் மச்சான் கதைத்துக்கொண்டிருந்தார், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. வயர் கழன்ற கணத்தில் புரோகிராம் ஹெட்போனைக் கைவிட்டு ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. செருகிய பிறகும் திரும்பி வரவில்லை.

ஹோல் வாசலுக்குப் போனேன். பெண்கள் சிலர் கைப்பைகளை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார்கள். மணப்பெண் அலங்காரத்தில் என் மகள் தலையைத் தூக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா, என் சம்பந்தி, எழுந்து வந்தார்.

"நீங்க கதச்சது ஒண்டும் கேக்கல்ல சேர்."

எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

"மறுமொழி மட்டுந்தான் கேட்டிச்சி. கேள்வி என்னெண்டு நாங்களே கண்டுபிடிச்சிட்டம். நூத்திருபது எண்டு சொன்னம். பதினாறு பேர் கொறவாத்தான் வந்திரிக்கம். யானையெண்டாலும் சொல்லிட்டுத்தான் எறங்கியிரிக்கம்."

மச்சான் மேலோ கம்ப்யூட்டர் மேலோ பழியைப் போட வாய் வந்தது. மகளின் குனிந்த தலையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "என்ட கணக்குத்தான் பிழை மெடம். யுத்தக் கணக்கில ஆக்கச் சொல்லிட்டன்."

"அதென்ன யுத்தக் கணக்கு?"

சொன்னேன். நூற்றுக்கு எழுபத்தைந்து, சோதனைச் சாவடி, எல்லாம். பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். சம்பந்தி சிரிக்கவில்லை.

"பதினஞ்சி சஹனுக்கு ஏழேழு வெச்சா நூத்தஞ்சி. ஒரு எடம் மிச்சமிரிக்கி. அதில எங்கட ஆக்களோட நீங்க இரிங்க. இப்ப போய் நிக்காஹ்வ நடத்துங்க."

தோளில் ஏறிய கைப்பைகள் மடிக்கு இறங்கின. நிக்காஹ் நடந்தது. மச்சானும் கேட்டார். (மைக் வழியாகக் காது மட்டும் அவருக்கு. வாய் கிடையாது. ஸ்பீக்கர் வயரை நானே பிடுங்கி எறிந்தேன்.)

பெண்ணின் வாப்பா விருந்தில் நின்று கவனிப்பவர். நானோ இறக்காமத்து ஆறு பேருக்கிடையில், ஒரு முழங்காலை ஊன்ற இடமில்லாமல், சோற்றை அள்ளிக்கொண்டிருந்தேன். ஆறு துண்டுதான் இறைச்சி. பக்கத்திலிருந்தவர் தன்னுடையதைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். "திண்ணுங்க சேர், யானைக்குப் பயப்படாதீங்க" என்றார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தென்றாலும் ஒரு சஹனில் ஆறு பேர் நிரம்பியதும் மருமகன் என்னைத் தேடுவார். "மாமா, ஆறு பேர் சரி. வாங்க." அடுத்த சஹனில் நான்கு பேர்தான் இருந்தாலும் அங்கே போக எனக்கு அனுமதியில்லை. சம்பந்தி வந்திருந்தால், வாசலில் நின்று பார்ப்பார். நான் இரண்டு பேருக்கிடையில் இடித்து உட்காரும்வரை ஒருவரையும் பிஸ்மி சொல்லிச் சோற்றைத் தொட விடமாட்டார்.