மதிலோரக் குழாயும் மூன்றாம் தடவைத் தேநீரும்

அன்புக்குரிய தங்கை டிம்ப்னாவுக்கு,

அண்ணன் ஃபின்டன் எழுதுவது. மூட்டுவலியைத் தவிர மற்றபடி சுகம். கார்க் நகரத்தில் உன் வீட்டாருக்கு அந்த மூட்டுவலியும் இல்லாதிருக்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை நம் வீட்டில் பூசை. வீட்டுக்கு வீடு முறை வைத்து வருவது, பதினான்கு வருஷம் கழித்து நம்மிடம் வந்திருக்கிறது. பாதிரியார் பூசையை முடித்ததும் நாற்பது பேருக்குக் காலை உணவு போட வேண்டும். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டேன், அடுப்பைத் தேய்த்துவிட்டேன், ஆனால் குழாயில் பன்னிரண்டு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பழைய ஈயக்குழாயை மாற்ற வந்தவர்கள் வாசலில் பள்ளம் தோண்டி, மூன்றே நாளில் முடியும் என்றார்கள், நானும் நம்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சந்தைத் திடலில் நிற்கும் தண்ணீர் லாரியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து தோள்பட்டை கழன்றுவிட்டது. என் வீட்டுக்காரி மேவ் கண்ணை மூடியபிறகு அந்த வீட்டில் ஒரு வாய் டீக்குக்கூட வழியில்லை என்று ஊர் பேசும். நினைத்தால் அழுகை வருகிறது.

எல்லாம் நம் ஊரைச் சுற்றி நிற்கும் பழங்கால மதிலால் வந்தது. அதன் பக்கத்தில் யார் மண்ணைத் தோண்டினாலும் தொல்லியல்காரர் ஒருவர் நின்று பார்த்தாக வேண்டுமாம். வந்திருப்பவள் சிக்னே என்ற பெண். இயந்திரம் ஒரு வாய் மண் அள்ளினால் கையைத் தூக்கி நிறுத்துவாள். குனிந்து ஒரு சில்லை எடுத்துத் துடைத்து, பையில் போட்டு, சீட்டு ஒட்டுவாள். போன வருஷம் நானே போட்டு உடைத்த சாசரின் துண்டையும் அப்படித்தான் பையில் போட்டாள்.

ஆனாலும் வாசலில் நிற்பவளை மழையில் விடலாமா?

"டீ குடிக்கிறீங்களாம்மா?"

"வேண்டாங்க."

நம் வழக்கப்படி இன்னொரு தடவை கேட்டேன். "ஐயோ, வேண்டவே வேண்டாங்க." இரண்டு தடவை மறுப்பதுதானே நாகரிகம்! மூன்றாம் தடவை கேட்டபடியே உள்ளே இழுத்து உட்காரவைத்து, கோப்பையைக் கையில் திணித்து, வெண்ணெய் தடவிய ரொட்டியும் வைத்தேன். தினம் ஏழு தடவை இந்த உபசாரம். இருந்தும் வேலை நகருகிறதா பார்! பூசையைப் பக்கத்து ப்ரீன் வீட்டுக்கு மாற்றச் சொல்லிப் பாதிரியாரிடம் கேட்கப் போகிறேன். ஆகவே நீ கிளம்பி வராதே.

உனக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை, மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு, தாகத்தோடு,
அண்ணன் ஃபின்டன்

பின்குறிப்பு: கிளம்பி வா. இதைத் தபாலில் போடப் போனபோது இயந்திரம் ஓட்டும் மலக்கி வழிமறித்தான். "ஏண்ணே, அந்தப் பொண்ணு பார்க்காதப்ப நான் ஒரு பிடி மண்ணைத் தொடக்கூடாதுன்னு சட்டம். நீங்க தினம் ஏழு தடவை அதைப் பிடிச்சு உள்ள உக்கார வைக்கிறீங்க. நான் வண்டியில உக்காந்து ரேடியோ கேட்டுட்டு இருக்கேன். அது டென்மார்க்குப் பொண்ணுண்ணே! அங்கல்லாம் வேண்டாம்னா வேண்டாம்தான்!" மானமே போயிற்று. இரண்டு நாள் கெட்டிலைத் தொடவில்லை. கடிதமும் சட்டைப்பையிலேயே கிடந்தது. இன்று மூன்று மணிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சாமான்களைக் கட்டிக் கிளம்பியவளிடம், "வெள்ளிக்கிழமை பூசைக்கு வாங்கம்மா" என்றேன்.

"வேண்டாங்க" என்றாள்.

பட்டுத் திருந்தியவன் அல்லவா, சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் வாசல் கதவைப் பிடித்தபடி நகராமல் நின்றாள்.

"இன்னும் ரெண்டு தடவை கேக்கணுமே, மறந்துட்டீங்களா?"